நரம்பில் போட்ட தறி முடிச்சு

கண்மாய்க்குள் ஆடு மேயும் சீமையில் மீன்பிடிக்க ஒரு சங்கம், அதுவும் கடல் மீனுக்கு என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அருப்புக்கோட்டையே எங்களைப் பார்த்துச் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒன்பது பேர் வேனில் ஏறி, திருச்சுழி, கமுதி வழியாகச் சாயல்குடி தாண்டிப் போய், கடற்கரையில் இரண்டு பைபர் வள்ளங்களை வாடகைக்குப் பிடித்துப் பகல் முழுக்கத் தூண்டில் போட்டுவிட்டு வருவோம். பத்து வருஷமாக இதுதான் நடக்கிறது. விசைத்தறிச் சத்தத்திலிருந்து ஒருநாள் தப்பிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

வேனை ஓட்டியவன் என் சிநேகிதன். எனக்கு நூல் லோடு அடிக்க வந்தவன், அப்படியே ஒட்டிக்கொண்டான். திருச்சுழிப் பக்கம் ஒரு சின்ன ஊர். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவனுக்கு அப்படி ஒன்று உண்டென்பதே தெரியாது. நான் யாரையாவது வைதுவிட்டு வந்தால் பின்னாலேயே போய்ச் சமாதானம் செய்துவிட்டு வருவான்.

எங்கள் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு முழத்துக்கு மேல் நீளமுள்ள மீனை யார் முதல்முறை பிடித்தாலும், அதைக் குழம்புக்கு அறுப்பதற்கு முன்னால் என் தறிச் செட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வெட்டுத்துணியில் மீனைக் கிடத்தி, சுற்றிலும் நீலச் சாயத்தால் கோடு இழுத்து, பிடித்தவன் பேரை எழுதிச் சுவரில் மாட்டுவோம். சுவரில் எட்டுத் துணி தொங்கியது. ஒன்பதாவது இடத்தில் வெறும் ஆணி. அது அவனுடையது. பத்து வருஷமும் எங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்டவனுக்கு ஒரு மீனும் முழத்தைத் தாண்டவில்லை.

"ஏலே, டிரைவருக்கு ஒரு நெத்திலிய வரஞ்சு மாட்டிருவமா?" என்று எவனாவது ஆரம்பிப்பான்.

"மாட்டுங்கலே. கருவாடு போட்டாக்கூட நானே ஆணி அடிச்சுத் தாரேன்" என்று அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் ஒவ்வொரு முறை செட்டுக்கு வரும்போதும் அவன் கண் அந்த ஆணிக்குப் போய்த் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு அவனுக்குக் கிட்னி போயிற்று. ஒரு வருஷத்தில் ஆள் பாதியாகிவிட்டான். செவ்வாயும் வெள்ளியும் மதுரைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துவிட்டு வர வேண்டும். தண்ணீர் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். நம்ம வெயிலுக்கு அரை லிட்டர் எந்த மூலைக்கு? ஒருநாள் ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது மெதுவாகச் சொன்னான்.

"எனக்கு ஒரு தடவ கடலுக்குப் போகணும்லே. ஒரே ஒரு மீனு. அந்த ஆணி என் கண்ணுக்குள்ளயே நிக்குது."

"சும்மா கெட. ஒடம்பு தேறட்டும்" என்றேன்.

"தேறாதுலே. எனக்குத் தெரியும், ஒனக்கும் தெரியும்."

அவன் பெண்டாட்டியிடம் நான்தான் போய்க் கேட்டேன். அந்தத் தங்கச்சி முதலில் முடியவே முடியாது என்றது. பிறகு அழுதது. கடைசியில் அரை லிட்டர் பாட்டிலை என் கையில் கொடுத்து, "இதுக்கு மேல ஒரு மடக்கு குடிக்க விடாதீகண்ணே. ஒங்கள நம்பித்தான் அனுப்புறேன்" என்றது.

ஒரு புதன்கிழமை போனோம். முதல் நாள்தான் ரத்தம் சுத்தம் செய்திருந்ததால் அன்று அவன் கொஞ்சம் தெம்பாக இருந்தான். வேலை நாள் என்பதால் சங்கத்தில் வேறு யாரும் வரவில்லை. வழக்கமாக எங்களை ஏற்றும் வள்ளக்காரர், அவன், நான், மூன்று பேர்தான். வேனை நான் ஓட்டினேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "கியர மாத்துலே, வண்டி அழுவுது" என்று சாயல்குடி வரைக்கும் என்னைப் பாடாய்ப் படுத்தினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடலுக்குள் பார் என்று சொல்வார்கள், தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாறைத்திட்டு. அங்கேதான் பெரிய மீன் கிடக்கும். வள்ளக்காரர் அதன் ஓரத்தில் நிறுத்தினார். முதல் தூண்டில் கல்லில் மாட்டி அறுந்தது. புது முள் கட்டிய துண்டு நரம்பைத் தூண்டில் நரம்போடு சேர்த்து முடிய வேண்டும். நரம்பு என்பது நைலான். எங்கள் சங்கத்தில் இந்த வேலையெல்லாம் சாயப்பட்டறை வைத்திருக்கும் ஒருவர் செய்வார். நான் ஒருநாளும் கட்டியதில்லை. அவனுக்கோ ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை.

"குடுங்க அண்ணாச்சி, நான் கட்டித் தாரேன். சுத்திச் சுத்தி எச்சி தொட்டு இறுக்கணும்" என்றார் வள்ளக்காரர்.

எனக்குச் சுருக்கென்றது. "எனக்கு முடிச்சு போடச் சொல்லித் தாறீகளா? அரை டவுசர் போட்ட நாள்லருந்து நூல் முடியுறவன்யா நான். நீங்க வள்ளத்தப் பாருங்க."

கண் சிமிட்டுவதற்குள் போட்டேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்த நூலுக்குப் போடும் அதே தறி முடிச்சு. இரண்டு விரல், ஒரு கட்டைவிரல், ஒரு இழுப்பு. இழுத்தும் பார்த்தேன், நின்றது. பஞ்சு நூல் சொரசொரப்பாக இருக்கும், ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். நைலான் வழுக்கும். இது ஒரு குழந்தைக்குக் கூடத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. என் விரல்கள் என்னைக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டன.

பத்து மணி வாக்கில் தூண்டில் கம்பு வளைந்தது. வளைந்தது என்றால், நுனி தண்ணீருக்குள் போய்விட்டது. "களவா மீனுதான்! இழுக்குற இழுப்பப் பாருங்க!" என்று வள்ளக்காரர் எழுந்துவிட்டார். நான் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். எலும்புதான் கையில் தட்டுப்பட்டது. கம்பை வாங்கப் போனேன். "தொடாத! என் மீனு!" என்று கத்தினான். அவன் கத்தி நான் கேட்டது அது ஒரு தடவைதான். வலது கையால் ரீலைச் சுற்றினான், நின்றான், மூச்சு வாங்கினான், மறுபடி சுற்றினான். மீன் மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

திடீரென்று கம்பு நிமிர்ந்தது.

உடனே நான் வள்ளக்காரர் மேல் பாய்ந்தேன். "பாருக்கு மேல வள்ளத்த நகர விட்டுட்டீகளேய்யா! கல்லுல பட்டு அறுந்துபோச்சு! நீயெல்லாம் ஒரு தொழில்காரனா?" வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அதற்குள் அவன் நரம்பைச் சுற்றி முடித்தான். நுனி மேலே வந்தது. கல்லில் அறுந்த நரம்பு நேராக, வெட்டினாற்போல இருக்கும். இது பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தது. அறுபடவில்லை. என் முடிச்சு நழுவியிருக்கிறது.

அவன் அந்த நுனியைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான். பல்லால் கடித்துக் கடலில் துப்பினான். "கல்லுதாம்லே. அறுத்துருச்சு. விடு" என்றான். வண்டி ஓட்டுகிறவனுக்கு முடிச்சைப் பற்றி என்ன தெரியும், நல்லவேளை என்று நினைத்தேன். சீ, அப்படி நினைத்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. வள்ளக்காரரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. கரைக்கு வந்ததும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வேனுக்குப் போய்விட்டேன். அவன் பின்னால் மெதுவாக வந்தான்.

அதற்குப் பிறகு அவன் ஐந்து வாரம் இருந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு கையையும் விரித்து மீனைக் காட்டினான். வாரா வாரம் மீன் கொஞ்சம் வளர்ந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, நான் பாத்தேன்ல" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த மறுவாரம் சங்கத்துக்காரர்கள் செட்டில் கூடினார்கள். அவன் பேருக்குப் பெரிய களவாவாக ஒன்று வரைந்து அந்த ஆணியில் மாட்டிவிடலாம் என்றார் ஒருவர். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் அவரை வைது எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டேன். பின்னாலேயே போய்ச் சமாதானம் சொல்ல இப்போது ஆள் இல்லை.

மறுநாள் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போனேன். வள்ளக்காரர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவன் போய்விட்ட செய்தியைச் சொன்னேன். அவர் வலையைக் கீழே வைத்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "கல்லு இல்ல அண்ணாச்சி. என் முடிச்சு. ஒங்கள வஞ்சது தப்பு."

"தெரியும்" என்றார். "அவுக அன்னைக்கே சொல்லிட்டாக. நீங்க பொட்டியத் தூக்கிட்டு வேனுக்குப் போனீகள்ல, அப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டாக. 'அவன் போட்ட முடிச்சு நழுவிருச்சு, ஒங்களப் பேசுனதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். அவன்ட்ட மட்டும் சொல்லிராதீக. நாள் பூரா நூல் முடியுறவன். ஒவ்வொரு முடிச்சுக்கும் என்னைய நெனச்சு அழுதுக்கிட்டுக் கெடப்பான்'னாக."

அவர் முன்னாலேயே மணலில் உட்கார்ந்து அழுதேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் ஊருக்கு வந்து செட்டைத் திறந்தேன். வெறும் ஆணி அப்படியே இருந்தது. தறியைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் பாவில் ஒரு நூல் அறுந்தது.