சாக்கடைத் தூள் கரைத்த தண்ணீர்

ஜப்பான்காரன் காலத்தில் என் வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் அழுகியது. பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில் அந்த நாற்றத்தோடுதான் நான் சோறு பொங்கினேன். சோறு எங்கே, மரவள்ளிக்கிழங்குதான். பக்கத்து வீட்டு அக்கா நாற்றம் தாங்காமல் தடுப்புப் பலகையில் கோணிச்சாக்கு கட்டித் தொங்கவிட்டாள். ச்சீ, இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது.

வேர் வரைக்கும் ஓட்டை. முதலில் உப்புத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தார். சீழ் வந்தது, நாற்றம் போகவில்லை. அப்புறம் சம்சு. சாராய நெடியும் சீழும் சேர்ந்ததுதான் மிச்சம். அதன்பின் அவருடைய சொந்த மூளை வேலை செய்தது. ரப்பர் பாலைக் கட்டியாக்குகிற ஆசிட் சீழையும் கட்டியாக்கும், வழித்து எறிந்துவிடலாம் என்று பஞ்சில் தொட்டு வைத்தார். ஈறு வெந்து வெள்ளைத் தோலாக உரிந்து என் கைக்கு வந்தது. பால்மரம் சீவுகிறவர் புத்தி பாலைத் தாண்டவில்லை.

கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர், சாக்கடைக்குப் போடும் குளோரின் தூளைத் துளியாகக் கரைத்து, ஊசியில் ஏற்றி ஓட்டைக்குள் பீச்சினார். வழிந்ததைத் தகர டின்னில் பிடித்தது நான். நுரை, சீழ், கறுப்புத் துணுக்குகள். கண்ணையே கழுவிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அதுதான் கேட்டது. நாற்றம் பாதியாகக் குறைந்தது. வீட்டில் கழுவ ஒரு புட்டியும் தந்தார்.

அன்று சாயங்காலம் கணக்கெழுதும் கிராணி லயத்துக்கு வந்து, காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடிக்கப் போவதாகச் சொன்னார். முன்னே போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. வீட்டுக்காரர் புட்டிக்குக் கை நீட்டினார். நான் அதைக் கால்வாயில் கவிழ்த்தேன்.

"இன்னிக்கு வாய் கழுவ வேணாங்க. நாறட்டும் லா."

அதோடு விடவில்லை. தஞ்சோங் டாவாய்க் கருவாட்டில் ஒரு துண்டைக் கிள்ளி ஓட்டையில் திணித்தேன். வலியில் அழுதாரே தவிர, துப்பவில்லை.

பெரட்டில் ஆள் பொறுக்கிய ஜப்பான்காரன் அவர் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தான். திறந்த வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, வீங்கிய கன்னத்திலேயே அறைந்து, வரிசையை விட்டுத் தள்ளினான். சீழ் உடைந்து சட்டையெல்லாம் வழிந்தது. அந்தச் சட்டையை அலசும்போது வாந்தி எடுத்தேன். சந்தோஷமாகத்தான் எடுத்தேன்.

லாரிக்கு ஓர் ஆள் குறைந்தது. அடுத்து நின்ற பக்கத்து வீட்டு அக்கா புருஷனை ஏற்றிக்கொண்டு போனார்கள். தினமும் கரித்தூள் போட்டுப் பல் விளக்குகிற மனுஷன், வாயில் ஒரு சொத்தை கிடையாது.