வாசனை சரியில்லை

திண்டிவனத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி, ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வெல்ஃபேர் ஆபீசர் வேலை. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அது என்ன வேலை என்று என் மாமியார் ஒருமுறை கேட்டார். "அங்க வேலை செய்யறவங்களுக்கு நல்லது செய்யறது அத்தை" என்றேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. வயிற்றெரிச்சலோடு வருகிற சிரிப்பு.

நாங்கள் தைப்பதெல்லாம் வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகிறது. அங்கே ஷூ வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் கேள்வி கேட்கிறார்களாம். இதைத் தைத்தது யார், அவர்களைச் சரியாக நடத்துகிறார்களா, கழிவு எங்கே போகிறது என்று. நல்ல கேள்விகள்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி கடல் தாண்டி, எங்களிடம் வாங்கும் கம்பெனியைத் தாண்டி, சென்னையில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகத்தையும் தாண்டி எங்கள் கேட்டுக்குள் நுழையும்போது ஒரு ஃபாரமாக மாறியிருக்கும். ஃபாரத்தை நிரப்புவது என் பொறுப்பு. ஒரு வருஷம் சுற்றுச்சூழல் பற்றிக் கேட்டிருந்தார்கள். கேட்டிலிருந்து ஆபீஸ் வரை புங்கன் செடி நட்டோம். ஃபாரத்தைச் சரிபார்க்க அவர்கள் அனுப்பிய ஆடிட்டரின் கார் திரும்பிப் போகும்வரை வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினோம். அப்புறம் மழை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். மழையும் பார்த்துக்கொள்ளவில்லை.

குறைப் பெட்டி வந்த கதையும் இதுதான். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் மாட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார்கள். முதல் வருஷம் அதில் ஒரு காகிதம்கூட விழவில்லை. ஜி.எம். பெருமையோடு அதை ஆடிட்டரிடம் காட்டினார். அவரோ கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவ்வளவு பேர் இருக்கற இடத்துல ஒரு குறைகூட இல்லையா? நம்பற மாதிரி இல்லையே" என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போனார்.

மறுநாளே ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஜி.எம். கெட்டவர் இல்லை. திண்டிவனத்துக்காரர், எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார்.

"குறை வேணும்மா. மாசத்துக்கு நாலஞ்சு வந்தா போதும். சின்னச் சின்னதா, நம்மால தீர்க்க முடிஞ்சதா பாத்து வாங்கு."

ஆக, கையில் நோட்டை வைத்துக்கொண்டு, தையல் மிஷின் வரிசைகளுக்கு நடுவில் குறை கேட்டுப் பிச்சை எடுக்கப் போனேன். "எங்களுக்கு இன்னா மேடம் குறை? நாங்க நல்லாத்தான் கீறோம், எதுக்கு வம்பு" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் நானே எழுதிப் போட்டேன். மோர் புளிக்கிறது. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பல்பு எரியவில்லை. கையெழுத்து தெரியக்கூடாது என்று சிலதை இடது கையால் எழுதினேன். சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தது இதற்குத்தானா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் என்னை நானே திட்டிக்கொள்வேன். அடுத்த மாதம் மறுபடியும் எழுதுவேன்.

உண்மையான குறை ஒன்று தானாக நடந்து வந்தது. அதைக் கொண்டுவந்தவர் சொல்யூஷன் ரூமில் வேலை செய்தவர். தோலோடு தோலை ஒட்டும் பசைக்குத்தான் எங்கள் கம்பெனியில் சொல்யூஷன் என்று பெயர். பஞ்சர் கடையில் சொல்வதும் அதைத்தான். ஆறு பெண்கள் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பிரஷ்ஷால் அதைப் பூசுவார்கள். இவர் ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து வந்ததால் எல்லோருக்கும் ஒலக்கூர் அக்கா. வீட்டில் கொஞ்சம் நிலம் உண்டு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுவார்கள். தினமும் தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வருவார். பூ இல்லாமல் ஒருநாளும் நான் அவரைப் பார்த்ததில்லை.

"மேடம், மத்தியானத்துக்கு மேல தலை கிர்ருனு சுத்துது. சோறு துன்ன முடில. வூட்டுக்குப் போனாலும் அந்த நாத்தம் மூக்குலயே கீது. ஜன்னலத் தொறந்தா தோல்ல தூசி ஒட்டுதுன்னு சூப்பர்வைசர் திட்றாரு. காத்த வெளிய இழுக்கற ஃபேன் ஒண்ணு போட்டா போதும் மேடம்."

எழுதித் தாருங்கள் என்றேன். அங்கேயே நின்று எழுதினார். சொல்யூஷன் ரூமில் நாற்றம் தாங்கவில்லை, தலை சுற்றுகிறது, வெளியே இழுக்கிற ஃபேன் போடுங்கள் என்று மூன்றே வரி. எழுத்துப் பிழை இருந்தது, சொன்ன விஷயத்தில் ஒரு பிழையும் இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "நாத்தம்னு எழுதாதீங்க அக்கா, மேல போற பேப்பர். வாசனைன்னு போடுங்க" என்றேன்.

"வாசனைன்னா நல்லதுக்கு இல்ல சொல்லுவோம்?"

"அதெல்லாம் புரிஞ்சுக்குவாங்க."

தலை சுற்றுகிறது என்பதையும் எடுக்கச் சொன்னேன். அது உடம்பு சம்பந்தப்பட்டது, செக்கப்புக்கு அனுப்பி, தகுதி இல்லை என்று அவரையே வெளியே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். ஃபேனையும் எடுக்கச் சொன்னேன். என்ன செய்வது என்பதை நிர்வாகம் முடிவு செய்யட்டும், நாம் சொன்னால் கட்டளை போடுவது போல இருக்கும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். கடைசியில் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதியது இதுதான்: "சொல்யூஷன் அறையில் வாசனை சரியில்லை. ஆவன செய்யவும்." எழுதி முடித்ததும், அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். என்னை எதால் அடிப்பது?

சென்னை அலுவலகத்தில் குறைகளைப் பார்க்கிற பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் அனுப்பும் காகிதத்தை ஃபோனில் காட்டி, அது மொழிபெயர்த்துக் கொடுப்பதைப் படிப்பார். ஃபோன் வாசனையை வாசனை என்றே மொழிபெயர்த்திருக்கிறது. அதன் மேல் என்ன தப்பு? இரண்டு வாரத்தில் ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், பெரிய ஹோட்டல் பாத்ரூமில் மாட்டியிருப்பார்களே, நேரத்துக்கு நேரம் தானாக செண்ட் அடிக்கும் டப்பா, அதில் இரண்டு. மல்லிகை மணம். கூடவே ஒரு தாள். குறை: அறையின் நறுமணம். தீர்வு: நறுமணக் கருவி பொருத்தப்பட்டது. நிலை: முடிந்தது.

சொல்யூஷன் ரூமில் அதை மாட்டிய அன்றைக்கு ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல் இரண்டு நாள்தான் அந்தச் சிரிப்பு. டப்பா புஸ் என்று அடிக்கும், பசையின் நெடியும் மல்லிகையும் கலந்து குமட்டிக்கொண்டு வரும். ஒருத்தர் சாப்பாட்டு நேரத்தில் வாந்தி எடுத்தார். மூன்றாவது வாரம் ஒலக்கூர் அக்கா பூ இல்லாமல் வந்தார். ஏன் அக்கா என்று கேட்டேன்.

"மல்லிய மோந்தாலே கொமட்டுது மேடம். வூட்ல கேக்கறாங்க, நான் இன்னான்னு சொல்றது?"

அன்றைக்கே ஜி.எம். அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். வார்த்தையை மாற்றியது நான்தான் என்பதையும் மறைக்கவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"முடிஞ்சுதுன்னு போட்டாச்சும்மா. இப்ப மறுபடியும் தொறந்தா கம்ப்யூட்டர்ல சிவப்புல காட்டும். ஆடிட் வர்ற நேரத்துல இது பேஜாரு. ஆடிட் முடியட்டும், பாத்துக்கலாம்."

"சார், ஒரு ஃபேன்தானே?"

"ஃபேன் மட்டுமா? சுவத்த ஒடைக்கணும், குழா போடணும், ரெண்டு நாள் வேலைய நிறுத்தணும். சரக்கு ஜல்தி வேணும்னு வாங்கறவன் அங்க கத்திக்கினு இருக்கான். விலைய ஏத்திக் குடுன்னா குடுக்க மாட்டான், தேதியும் தள்ளித் தர மாட்டான். ஃபேன் இருக்குதான்னு மட்டும் கேப்பான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதல் ஆத்திரம். யாரைப் பார்த்துக் கத்துவது என்றே தெரியவில்லை. கேட்கிறவனுக்குக் கேள்வி கேட்டதோடு மனசு ஆறிவிடுகிறது, பதில் சொல்கிறவனுக்கு ஃபாரத்தை நிரப்பியதோடு ஆறிவிடுகிறது. நடுவில் ஆறு பேருக்குத் தலை சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆடிட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் ஒலக்கூர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன். "நாளைக்கு உங்கள விசாரிச்சா இருக்கறத இருக்கறபடி சொல்லுங்க. நாத்தம்னே சொல்லுங்க. தலை சுத்தறதையும் சொல்லுங்க" என்றேன்.

"வேலைக்கு ஒண்ணும் ஆவாதே மேடம்? இத விட்டா நான் வேற எங்க போறது?"

"ஆவாது. பேசினவங்க மேல கை வைக்கக் கூடாதுன்னு அவங்க சட்டமே இருக்கு. நான் இருக்கேன்."

இந்தத் தடவை வந்த ஆடிட்டர் வேறொரு பெண், கறாரானவர். ஜி.எம். தயாராக வைத்திருந்த பெயர்ப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அறை அறையாகப் போய் அவரே ஆட்களைத் தேர்ந்தெடுத்தார். சொல்யூஷன் ரூமில் நுழைந்ததுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஒலக்கூர் அக்காவிடம் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார். அவரது அறிக்கையில் அந்த அறைதான் முதல் வரி. காற்றோட்டம் போதவில்லை, தொழிலாளர் உடல்நலத்துக்கு ஆபத்து, உடனடியாகச் சரிசெய்ய வேண்டும். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அன்றைக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

சில நாள் கழித்து டேப்போடு இரண்டு பேர் வந்து அந்த அறையில் அளவெடுத்தார்கள். ஃபேனுக்குத்தான் என்று ஒலக்கூர் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர்கள் அளந்தது மேஜைகளை, வண்டியில் ஏற்றுவதற்காக. பசை பூசும் வேலையைக் காண்ட்ராக்ட்டுக்கு விட்டுவிட்டார்கள். பெருமுக்கல் பக்கம் ஒருவர் ஷெட் வைத்திருக்கிறார், இனி அங்கே நடக்குமாம். ஆடிட்டர் எங்கள் கேட்டுக்கு உள்ளே இருப்பதைத்தான் பார்ப்பார். கேட்டுக்கு வெளியே இருப்பது அவர் ஃபாரத்தில் வராது.

"யாரையும் வேலைய விட்டு நிறுத்தலம்மா" என்றார் ஜி.எம். என் முகத்தைப் பார்க்காமல். "எடம்தான் மாறுது. போறவங்க போகலாம்."

காலியான அறைக்கு வெள்ளை அடித்து, நாலு நாற்காலி போட்டு, தொழிலாளர் நல்வாழ்வு அறை என்று பலகை மாட்டினார்கள். பலகையில் எழுத வேண்டிய வாசகத்தை என்னைத்தான் கேட்டார்கள், கொடுத்தேன். ஆடிட்டருக்கான பதிலையும் நான்தான் எழுதினேன். ஆபத்தான பணி வளாகத்திலிருந்து முழுமையாக நீக்கப்பட்டது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த வருஷம் எங்களுக்கு நல்ல மதிப்பெண். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். நான் வாங்கி மேஜையில் வைத்துவிட்டேன், சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆறு பேரில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒலக்கூர் அக்காவும் மற்ற மூவரும் ஷெட்டுக்குப் போனார்கள். அரை நாள் லீவு போட்டு அவரைப் பார்க்கப் போனேன். மரக்காணம் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். தகரக் கூரை. தூசி வரக்கூடாது என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கி வைத்திருந்தார்கள், நான் குனிந்துதான் நுழைந்தேன். உள்ளே எங்கள் கம்பெனியின் நீல டிரேக்களே அடுக்கியிருந்தன. வெக்கையும் நெடியும் முகத்தில் அறைந்தன. இரண்டு நிமிஷத்தில் எனக்கே நெற்றிப்பொட்டு வலிக்க ஆரம்பித்தது. அவர் சாக்கு விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்தார், மேஜை வேறொரு வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதாம். ஒலக்கூரிலிருந்து இப்போது இரண்டு பஸ் மாற வேண்டும். பி.எஃப். கிடையாது. கேன்டீன் கிடையாது. என்னைப் பார்த்ததும் எழுந்து, தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை எனக்குக் கொடுத்தார்.

நான் பேச ஆரம்பித்தேன். ஜி.எம்மிடம் மறுபடியும் பேசியிருக்கிறேன், சென்னைக்கும் எழுதப்போகிறேன், இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது அக்கா, சத்தியமாகத் தெரியாது. நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன். அவர் உட்கார்ந்து பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்தார்.

"நீங்க சொல்லச் சொன்னீங்கன்னுதான் மேடம் சொன்னேன்."

குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். சொல்லிவிட்டு, ஓரத்தில் வழியாமல் பூசி முடித்து, அடுத்த தோலை எடுத்தார்.