வேடியப்பன் குளித்த நாள்

எங்கள் வேடியப்பனுக்குச் சோப்புத்தூள் போட்டுக் குளிப்பாட்ட ஏற்பாடு செய்தது நான்தான். இத்தனை வருஷம் கழித்து அதை ஒத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. வாய் மட்டும் இருபது வயதுக்கு இருந்தது.

திருவண்ணாமலை தனி ஜில்லாவாகி, வேங்கிக்கால் பக்கம் ஆபீஸ்கள் வர ஆரம்பித்த காலம். அதையும் தாண்டி ஏரிக்கரையோரம் எங்கள் வீடு. வாசலில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். தீபத்துக்குப் பெரிய கோயிலுக்குப் போவோம். ஆனால் ஜுரம், கட்டி, மாட்டுக்கு மடிவீக்கம் என்றால் கரைமேல் புளியமரத்தடியில் இருந்த வேடியப்பன்தான். அண்ணாமலையாருக்கு உலகத்து வேலை இருக்கு, நம்ம வீட்டு ஜுரத்தையெல்லாம் அவர் எங்கே பார்ப்பார் என்பாள் அத்தை. அப்பாவின் அக்கா அவள். எங்களோடுதான் இருந்தாள்.

வேடியப்பன் என்பது இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக்கல். யார் யாரோ ஊற்றிய எண்ணெய் இறுகி, தூசி படிந்து, கன்னங்கரேலென்று தோல் மாதிரி மூடியிருக்கும். கையில் வில் இருப்பது தடவிப் பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஒரு மண்டலம் அவருக்கு எண்ணெய் வார்ப்பதாக வேண்டிக்கொள்வார்கள். அது முடிகிறவரை கல்லை யாரும் துடைக்கக் கூடாது.

அந்த வருஷம் தம்பிக்குக் காய்ச்சல். நாலு வயதுப் பிள்ளை, பத்து நாளாகக் கொதித்துக் கிடந்தான். டைபாய்டு என்று டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பிழைப்பானா என்று அத்தை பக்கத்து வீட்டில் கிசுகிசுத்ததை நான் கேட்டேன். அம்மா ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். காலையில் வந்து கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு ஓடுவாள், மத்தியானம் துணி மாற்ற இன்னொரு தடவை வருவாள். மண்டலம் வேண்டிக்கொண்டது அவள்தான், ஆனால் எண்ணெய் வார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் தினமும் ஒழுங்காகத்தான் வார்த்தேன். ஜுரம் இறங்கினபாடில்லை.

ஒருநாள் என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நர்ஸக்கா எங்களை வரிசையாக நிற்கவைத்துத் திட்டினாள். தண்ணியைக் கொதிக்க வைங்க, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, அழுக்குலதான் வியாதியே வருது என்றாள். எனக்கு உடனே வேடியப்பன் ஞாபகம்தான் வந்தது. அவரைவிட அழுக்கானவர் எங்கள் ஊரிலேயே கிடையாது. மேலெல்லாம் ஈ. அப்புறம் எப்படித் தம்பிக்கு ஜுரம் இறங்கும்?

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதுகு பழுத்திருக்கும்.

சரியாக இரண்டு நாள் கழித்து ஒரு சார் வந்தார். மொபெட்டின் பின்னால் காகிதச் சுருள், பிரஷ், மை டப்பா. கரையோரம் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம். அதற்குள் பழைய கற்களில் இருக்கும் எழுத்தையெல்லாம் படியெடுத்து வைக்க வந்தவர். அத்தை கடலைக்கொல்லைக்குப் போயிருந்தாள்.

"வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா பாப்பா? கல்லைக் கழுவணும். கேட்டுட்டுக் கழுவலாம்னு பாத்தேன்."

"நான்தான் சார் இதைப் பாத்துக்கறேன். நல்லாக் கழுவுங்க. சோப்பு வேணுமா?"

அவர் சிரித்தார். நான் ஓடிப்போய் அம்மாவின் சோப்புத்தூளைக் கிண்ணத்தோடு கொண்டுவந்தேன். ஏரியிலிருந்து தண்ணீரும் நானே மொண்டு கொடுத்தேன். அவர் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு நுரை வழிந்தது. உள்ளேயிருந்து ஒரு ஆள் வந்தார். மெல்லிய இடுப்பு, வில், காலடியில் சின்னதாக ஒரு மாடு. தலைக்கு மேல் நாலு வரி எழுத்து. இத்தனை நாள் இவர் முகத்தையே நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சார் ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றி எடுத்தார். மை டப்பாவை நான் பிடித்துக்கொண்டேன். கறுப்புக் காகிதத்தில் எழுத்து வெள்ளையாக நின்றது. விரல் வைத்துப் படித்துவிட்டுச் சொன்னார்: "இவரு வீரன் பாப்பா. ஊர் மாட்டை ஓட்டிட்டுப் போனவங்களோட சண்டை போட்டுச் செத்துட்டாரு. அவருக்காக நட்ட கல்லு இது. ஆயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும்."

செத்துட்டாரா?

சார் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சாமி என்று நினைத்து நான் எண்ணெய் வார்த்தது ஒரு செத்தவருக்கு. செத்தவரை நினைத்தால் ஜுரம் வரும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன், இறங்கும் என்று யாரும் சொன்னதில்லை. தம்பியை நாமே தப்பான ஆளிடம் ஒப்படைத்துவிட்டோமா? இருந்த எண்ணெயைக் கொட்டிப் பார்த்தேன். ஈரக் கல்லில் அது நிற்காமல் வழிந்தோடியது. பாவாடை ஓரமெல்லாம் மை.

அத்தை கொல்லையிலிருந்து வந்தாள். பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்து வீடெல்லாம் கூடிவிட்டது.

"எவடி இந்த வேலை பண்ணது? மண்டலம் முடியறதுக்குள்ள எண்ணெயை எடுத்தா, எடுத்தவங்க உடம்புக்கு அந்தக் காய்ச்சல் ஏறும்னு தெரியாதா?"

எனக்கு அது வரைக்கும் தெரியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போதே கண்ணெல்லாம் எரிகிற மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வந்து நின்றது. அம்மா இறங்கினாள். அத்தை சொன்னதையெல்லாம் கேட்டாள். கல்லைப் பார்த்தாள், என் பாவாடையைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்கு நேராகப் போய் நின்றாள்.

"நான்தான் கழுவுனேன். காலையில பஸ்ஸுக்குப் போறப்ப நான்தான் கழுவுனேன்."

பளிச்சென்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். கேள்வி கேட்ட அத்தை இந்தப் பக்கம் நிற்கிறாள், இவள் ஏன் கல்லைப் பார்த்துப் பதில் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பெத்தவளா நீ என்று அத்தை கேட்டதற்கும் அம்மா திரும்பவில்லை.

வீட்டுக்குள் கூட்டிப்போய் மண்ணெண்ணெய் தொட்டு என் விரல்களில் இருந்த மையைத் துடைத்தாள். பாலைக் குடித்துவிட்டுப் பூனை குடித்தது என்று சொன்னதற்குக் கரண்டியால் சாத்தியவள் அவள். அவளே இப்படிப் புளுகுவாளா? அதுவும் சாமி எதிரில்? அடி விழுந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாலாம் நாள் தம்பிக்கு ஜுரம் இறங்கியது. ஊசிதான் என்றார் அப்பா. தான் நேர்ந்துவிட்ட சேவல்தான் என்றாள் அத்தை. சோப்புதான் என்று நான் நினைத்தேன், ஆனால் சொல்ல முடியுமா? செத்தவர் எப்படிச் சாமியானார், சாமி எப்படி அழுக்காக இருந்தார், எதுவும் எனக்கு விளங்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வரவில்லை என்பது மட்டும் விளங்கியது. வேடியப்பன் ஏமாந்துவிட்டார் என்று முடிவுகட்டினேன்.

தம்பி வீட்டுக்கு வந்து, மூலைக்கு மூலை ஓட ஆரம்பித்த பிறகும், ரொம்ப நாள் அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் எழுந்ததும் புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்ப்பாள். ஒரு பெருமூச்சு விடுவாள். பிறகு அதே கையைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். அது பங்குனி மாதம். வெயில் ஜாஸ்தி, வியர்வையைத் துடைக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.