கவுன் தைத்தவள் பேர்

பெரியவர்களுக்குத் தைத்தால் அவர்கள் உடம்போடு சண்டை. குழந்தைகளுக்குத் தைத்தால் அம்மாக்களின் செல்போனோடு சண்டை. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு மெஷின் போட்டு, அந்தக் காலத்து மாதிரியில் குழந்தைக் கவுன் தைக்கிறேன். பஃப் கை, வட்டக் காலர், இடுப்பில் பின்னால் முடிச்சுப் போடும் நாடா. இதற்கு இப்போது ‘விண்டேஜ்’ என்று பேர். மெஷின் மிதித்தே முழங்கால் போன சகோதரிகளே, உங்களுக்காவது புரியும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைச் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறக் கூடாது. மாறினால் எதிரிக்கு வசதி. ஒன்று: எங்கள் ஊர் பெரிய வீட்டு நிலத்தில் என் அம்மா ஆயுசு முழுக்க நாற்று நட்டாள். அந்த வீட்டில் ஒருவருக்கும் அவள் பேர் தெரியாது. ‘முனியன் பொண்டாட்டி’ என்றே கூப்பிட்டார்கள். இரண்டு: நடவுக் கூலிப் போராட்டத்துக்கு நான் எழுதிக் கொடுத்த நோட்டீஸ், தலைவர் ஒருவர் பேரில் அச்சாகி வந்தது. மூன்று: அதே போராட்டத்தில் எல்லோரையும் போலீஸ் ஜீப்பில் ஏற்றியபோது பத்திரிகையில் தலைவர் பேர் வந்தது, நான் ‘மற்றும் பலர்’ ஆனேன். நான்கு: ஏற்றுமதிக் கம்பெனியில் தைக்கப் போனேன், அங்கே எனக்குப் பேரே கிடையாது, டோக்கன் நம்பர்தான். ஐந்து: இப்போது நான் தைக்கும் கவுன்களைச் சென்னைக் கடை ஒன்று வாங்கித் தன் பேரில் விற்கிறது.

மரகதம் என்ற பேரை நாலு பேர் காதில் விழும்படி யாராவது சொல்ல வேண்டும் என்பது, கூலி உயர்வுக்கு அடுத்தபடியாக என்னுடைய நீண்டகாலக் கோரிக்கை. இதுவரை பரிசீலனையில்தான் இருக்கிறது.

டீத்தண்ணி

ஓரிக்கையிலிருந்து ஒரு தம்பதி, பிள்ளைக்குப் பிறந்தநாள் கவுன் வேண்டும் என்று வந்தார்கள். அந்த அம்மா செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, “வெள்ளை வேணாங்க்கா, இந்த மாதிரி பழைய வெள்ளை” என்றார். காஞ்சிபுரத்துக் கடைகளில் எல்லாக் கலரும் உண்டு. பழைய வெள்ளை கிடையாது. என்னோடு தைக்கும் ரோஸிதான் வழி சொன்னாள். டீத்தூளைக் கொதிக்க விட்டு, உப்புப் போட்டு, புதுக் காட்டன் துணியை அதில் முக்கி எடுத்தோம். பரணில் பல காலம் கிடந்த துணி மாதிரி வந்தது. அந்த அம்மா கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுபவர். கவுனை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “பயசாயிடுச்சின்னுதான் புச்சு எடுக்கறது. நீ புச்சயே பயசாக்கிக் குடுக்கற. நல்லா கீதுக்கா உன் தொழிலு.”

மடிப்பு

அந்தக் காலத்துக் கவுனில் பாவாடைப் பகுதியின் கீழே அடுக்கடுக்காக மடிப்பு வைத்துத் தைத்திருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது அலங்காரம். தைக்கிறவர்களுக்குத் தெரியும், அது பிள்ளை வளர்வதற்கான இடம். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் கவுனும் கூடவே வளரும். நானும் அப்படியே தைத்து அனுப்பினேன். சென்னைக் கடைக்கார அம்மா போனில் கூப்பிட்டு, உள்ளே இவ்வளவு துணி எதற்கு, வெட்டிவிடுங்கள் என்றார். பிள்ளை வளருமே என்றேன். வளர்வதற்குள் போட்டோ எடுத்து முடித்துவிடுவார்கள், பிறகு யாரும் போடுவதில்லை என்று விளக்கினார்.

சரி, பேச்சு வந்தது வந்துவிட்டது என்று என் கோரிக்கையை வைத்தேன். கழுத்தில் தைக்கிற லேபிளில் உங்கள் கடைப் பேர் பெரிதாக இருக்கட்டும். கீழே பொடி எழுத்தில் ‘தைத்தது மரகதம், உத்திரமேரூர்’ என்று போடலாமா? அவர் கோபப்படவில்லை. பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னார்: “பேர் போட்டா அவங்க நேரா உங்ககிட்டயே வந்துடுவாங்களே மரகதம், அப்புறம் நான் எதுக்கு?”

உண்மை பேசும் முதலாளியை நான் அன்றுதான் முதல்முதலாகச் சந்தித்தேன்.

பின்பக்கம்

எங்கள் ஊர் பெரிய வீட்டுத் தணிகாசலத்தின் மருமகள் தீபிகா காரில் வந்து இறங்கினாள். பெங்களூரில் இருக்கிற பெண். அகம்பாவம் இல்லாத பெண் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவள் மகளுக்குக் காதுகுத்து. செல்போனில் ஒரு பழைய ஸ்டுடியோ போட்டோவைக் காட்டினாள். அதில் அவள் மாமனாரின் தங்கை, சின்னப் பிள்ளையாக, முன்பக்கம் சுருக்குவைத்த ரோஸ் கலர் கவுனில் நிற்கிறாள். அப்படியே அச்சாக வேண்டுமாம். “ஆனா பின்பக்கம் எப்படி இருந்திருக்கும்னு தெரியலயே அக்கா?”

“முதுகுல நடு ஓபன். பட்டன் வெச்சது. நாடா ரெண்டும் பக்கத் தையல்லேருந்து வரும்” என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். பெரிய வீட்டில் பழைய துணி கொடுக்கும் முறை ஒன்று உண்டு. பிள்ளைக்குச் சின்னதாகிவிட்ட உடுப்பை அறுப்பு முடிந்ததும் எங்கள் தெருவுக்குக் கொடுப்பார்கள். கொடுப்பதற்கு முன் பட்டன்களை எல்லாம் பிளேடால் அறுத்து டப்பாவில் போட்டுக்கொள்வார்கள். அந்த ரோஸ் கவுன் என் அம்மா கைக்கு வந்தது. முதுகில் ஊக்குக் குத்திக்கொண்டு அதை நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போயிருக்கிறேன்.

“அதை நானே போட்டுக்கினு இருந்தவதாம்மா” என்றேன். அவள் கொஞ்சம் குன்றிப்போவாள் என்று நினைத்தேன். கண் பளபளக்கச் சொன்னாள்: “அய்யோ சூப்பர்க்கா, அப்போ ஃபிட்டிங் கரெக்டா வந்துடும்.”

நிபந்தனை

தைக்கிறேன், கூலியைக் காதுகுத்து முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். காதுகுத்து அன்று பந்தலில் மைக் செட் இருக்கும். பிள்ளை அந்தக் கவுனைப் போட்டு உட்காரும்போது, இதைத் தைத்தது மரகதம் என்று மைக்கில் சொல்ல வேண்டும். தீபிகா சரி என்றாள். மாமனாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதாகவும் சொன்னாள்.

ரோஸி அன்று முழுக்க என்னை விடவில்லை. “அந்த ஆளு வரப்புல நடவு நடக்கூடாதுன்னு குறுக்க படுத்தவ நீ. இப்ப அவரு பேத்திக்கு ஃப்ரில்லு வெச்சிக்கினு கீற. இன்னாக்கா, புரட்சி முடிஞ்சிதா?” நான் சுருக்குக் கட்டிக்கொண்டே, இதுவும் போராட்டத்தின் ஒரு வடிவம் என்றேன். ஊசி விரலில் ஏறியது. சாயங்காலம் பெரிய வீட்டிலிருந்தே போன் வந்தது. தணிகாசலம் என் குரலைக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும், ஆனாலும் தயங்காமல் சொன்னார்: “பேருதான? சொல்லிட்டாப் போச்சு. மைக்செட்டுக்காரன் எப்படியும் நாள் பூரா கத்தினுதான் இருக்கப்போறான்.”

மைக்

காதுகுத்தில் கவுன் நன்றாக இருந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. யாரும் சொல்லாததால் சொல்கிறேன். பிள்ளை அழுத அழுகையில் காலர் நனைந்தும் மடங்காமல் நின்றது. மைக் செட்டுக்காரர் சீர்வரிசையையும் மொய்யையும் படித்துக்கொண்டிருந்தார். தீபிகா அவரிடம் போய்ச் சொன்னாள். பாவம், அவருக்குத் தெரிந்தது ஒரே வாய்ப்பாடு: முதலில் ஊர், பிறகு பேர், பிறகு வைத்த பொருள். பந்தல் முழுக்கக் கேட்கும்படி படித்தார்: “உத்திரமேரூர், திருமதி மரகதம் அவர்கள், குழந்தைக்கு ரோஸ் கலர் கவுன் ஒன்று.”

எனக்குக் கண் கலங்கியதை மறைக்கவில்லை. அத்தனை பேர், அத்தனை சொந்தபந்தம், எல்லோர் காதிலும் விழுந்தது. தலை நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ரோஸி என் தொடையைக் கிள்ளினாள். “நிமிந்தது போதும் குனிஞ்சிக்கக்கா. தையக்கூலி போச்சு. நீ மொய் வெச்சிட்ட.”

பதில் மொய்

ரோஸி சொன்னது சரிதான். ஊருக்கு முன்னால் வைத்த சீருக்கு மறுநாள் போய்க் கூலி கேட்க முடியுமா? இரண்டு நாள் துணிச் செலவை நோட்டில் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள், பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு இன்னொன்று உறைத்தது. மொய் என்றால் சும்மா இல்லை. வாங்கினவர், வைத்தவர் வீட்டு விசேஷத்துக்கு வந்து திருப்பி வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் அதைவிடத் தலைகுனிவு எங்கள் பக்கத்தில் கிடையாது. பெரிய வீட்டுக்காரர்கள் எங்கள் காலனித் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. ஓட்டுக் கேட்கக்கூட முனையிலேயே நின்றுவிடுவார்கள்.

என் தம்பி பேத்திக்கும் காதுகுத்து வந்தது. வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய வீட்டுக்குப் போனேன். தணிகாசலம் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆளுகிட்ட குடுத்தனுப்பறேம்மா. இந்த வெயில்ல நான் எங்க வர்றது?” என்றார். “நானும் இதே வெயில்லதாங்க வந்தேன்” என்றேன். உள்ளே முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அவர் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “அவ நேர்ல வந்து வெச்சிட்டுப் போயிருக்கா. நாம ஆள் அனுப்பினா ஊரு சிரிக்கும். போய்ட்டுதான் வாங்களேன்.”

வந்தார். எங்கள் தெருப் பந்தலில், பிளாஸ்டிக் நாற்காலியில், விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காத ரெடிமேட் கவுனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சர்க்கரை இருக்கிறது என்று கேசரியை ஒதுக்கினார். இட்லியை ஒதுக்கக் காரணம் கிடைக்காமல் சாப்பிட்டார். ஆயுள் முழுக்க நோட்டீஸ் அடித்தும் கோஷம் போட்டும் ஜீப்பில் ஏறியும் என்னால் எங்கள் தெருவுக்குக் கூட்டிவர முடியாத மனிதரைக் கூலி வராத ஒரு கவுன் கூட்டிவந்துவிட்டது என்பதற்குத் தெருவே சாட்சியாக நிற்க, மைக் செட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: “பெரிய வீடு, தணிகாசலம் அவர்கள், குழந்தைக்குக் கவுன் ஒன்று.”