கீரை ஸ்மூதியில் நான் கலந்த ரின்பால்

பிள்ளைகளே, பெரியவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், நான் செய்ததைக் கேளுங்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் சுகர், தொடங்குகிறது என்று டொக்டர் சொன்னபோது என் மகளுக்குப் பதினொரு வயது. வெளிநாட்டில், மல்வேர்ன் என்ற இடத்தில் இருக்கிறோம். மனைவி விடியமுன் வேலைக்குப் போய்விடுவார். காலையில் வீட்டில் நானும் மகளும்தான்.

"நாளையிலயிருந்து உங்களுக்கு நான் கிரீன் ஸ்மூதி செய்து தாறன் அப்பா" என்றாள். சொன்னபடியே செய்தாள். ஸ்பினச் கீரை இரண்டு பிடி, தோலோடு வெள்ளரிக்காய், ஒரு வாழைப்பழம், ஒரு துண்டு இஞ்சி, தண்ணீர். எல்லாவற்றையும் பிளெண்டரில் போட்டு, சத்தம் தாங்காமல் ஒரு காதைத் தோளால் பொத்திக்கொண்டு அடிப்பாள். கிளாஸை என் முன்னால் வைத்துவிட்டு, உடுப்பு மாற்ற மேலே ஓடுவாள்.

முதல் நாள் ஒரு வாய் குடித்தேன். புல்லை அரைத்துக் குடித்ததுபோல இருந்தது. எங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணீர் என்றால் ரின்பால், தகர ரின்னில் வரும் அந்த இனிப்புக் கட்டிப்பால், வேண்டும். நான் அதை விட்டுவிட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். ஆனால் அரிசி மூட்டைக்குப் பின்னால், இரண்டு ஓட்டை போட்ட ரின் ஒன்று இருந்தது. எடுத்து, ஸ்மூதிக்குள் தாராளமாக ஊற்றிக் கலக்கினேன். பச்சை கொஞ்சம் வெளுத்தது. வயிறு நிறையக் குடித்தேன்.

மகள் இறங்கி வந்து வெறும் கிளாஸைப் பார்த்தாள். "ஐ நியூ இற்! நல்லாயிருக்குத்தானே?"

"ஓம் பிள்ளை, திறம்."

ரின் முடிய முடியப் புதிது வாங்கி ஒளித்து, மூன்று மாதம் இப்படியே போனது. பிறகு ஒரு புதன்கிழமை மாலை இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்க டொக்டரிடம் போனோம். மகளும் ஆசையோடு வந்தாள்.

"என்ன அண்ணை, சுகர் குறையேல்லையே. கூடியெல்லோ கிடக்கு" என்றார் டொக்டர். அவரும் எங்கள் ஊர்க்காரப் பெண்தான்.

மகள் குறுக்கே விழுந்து, "அவர் ஒவ்வொரு நாளும் ஸ்மூதி குடிக்கிறவர், டொக்டர்" என்று, போடுகிறதையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னாள். டொக்டர் யோசித்தார். "அப்ப வாழைப்பழத்தை விட்டுப் பாருங்கோ பிள்ளை."

மகளின் கண் நிறைந்துவிட்டது. நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில், "சொறி அப்பா, நான்தான் உங்கட சுகரைக் கூட்டிப்போட்டன்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பரவாயில்லை" என்று அவளை மன்னித்தேன். அவளை நான் மன்னித்தேன்!

அடுத்த நாள் வாழைப்பழம் இல்லாமல் இரண்டு கிளாஸ் அடித்தாள். "நானும் குடிக்கிறன். அப்பத்தான் உங்களுக்குக் கஷ்டமா இராது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு முழுவதையும் விழுங்கினாள். மேலே போனாள். என் கை பழக்கத்தில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போனது. ரின்னைத் தொட்ட பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. அதை எடுத்து மேசை நடுவே வைத்தேன்.

அவள் இறங்கி வந்து பார்த்தாள்.

"பிழை வாழைப்பழத்தில இல்லை பிள்ளை. நான் உந்த ரின்பாலைக் கலந்துதான் குடிச்சனான்."

"எப்பயிருந்து?"

"முதல் நாளிலயிருந்து."

"சீரியஸ்லி அப்பா? டொக்டருக்கு முன்னால நான் அழுதனான். நீங்க பேசாம இருந்தீங்க."

பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். ரின்னைக் குப்பையில் போட்டேன்.

ஒரு கிழமை அவள் பிளெண்டரைத் தொடவில்லை. நானே கீரையைக் கழுவி, நானே அடித்தேன். எட்டாம் நாள் வந்து என் கையிலிருந்த கிளாஸை வாங்கினாள். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ம், குடியுங்கோ" என்று திருப்பித் தந்தாள்.

இன்றைக்கும் அப்படித்தான். அவள் குடித்துப் பார்த்த பிறகுதான் கிளாஸ் என் கைக்கு வரும். அவள் அந்த ஒரு வாயை விழுங்கும்வரை, முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கத்தில் நிற்பேன்.