கலப்பைக் கீறல்

சுன்னாகம் புகையிரத நிலையத்தில் ரிக்கற் கொடுக்கும் கிளாக்கர் தில்லைநாதனுக்குக் காது மிகக் கூர்மை. பயணிகள் போடும் ரூபாய் கற்பலகையில் விழும் ஓசையிலேயே கள்ளக் காசைப் பிடித்துவிடுவார். அந்தப் பழக்கம் நாளடைவில் பழைய காசுகள்மேல் ஆசையாக மாறியது. பக்கத்தில் பழங்காலத்து ஊரான கந்தரோடை. பெருமழை விட்டதும் அங்குள்ள தோட்டங்களில் செப்புக் காசுகள் தலைகாட்டும். தோட்டம் செய்யும் கமக்காரர் அவற்றை மடியில் முடிந்துகொண்டுவந்து அவரிடம் கொடுப்பார்கள். கொழும்பில் காசு சேர்க்கும் பெரிய மனிதர்கள்கூட, சந்தேகம் வந்தால் அவருக்குத்தான் எழுதுவார்கள். "இது நல்ல காசு" என்று அவர் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

அவரிடம் இருந்தவற்றுள் சிறந்தது யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேதுக் காசு ஒன்று. ஒரு பக்கம் நிற்கும் மனிதன். மறுபக்கம் படுத்திருக்கும் காளை, அதன் கீழே "சேது" என்ற எழுத்து. உழும்போது கலப்பையின் கொழு பட்டதால் காளையின் முன்காலில் ஒரு கீறல் விழுந்திருந்தது. மற்றப்படி தேயாத காசு.

1936 மாசியில் மார்க்கண்டு என்றொருவர் வீட்டுக்கு வந்தார். காங்கேசன்துறைப் பக்கத்தவர், வயது நாற்பது இருக்கும். தமையன் கிணறு வெட்டிய இடத்தில் அகப்பட்டது என்று ஒரு சேதுக் காசை நீட்டினார். தில்லைநாதன் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தார். பச்சைக் களிம்பு துணியோடு வந்துவிட்டது.

"இது கள்ளக் காசு."

மார்க்கண்டு கோபிக்கவில்லை. "என்னெண்டு ஐயா கண்டுபிடிச்சனீங்கள்? தெரிஞ்சு கொள்ளத்தான் கேக்கிறன்."

தில்லைநாதன் விளக்கினார். நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடந்து ஏறிய களிம்பு செம்போடு ஒட்டியிருக்கும், எண்ணெய்க்கு அசையாது என்றார்.

மூன்று மாதம் கழித்து மார்க்கண்டு கொண்டுவந்த காசின் களிம்பு அசையவில்லை. ஆனால் விளிம்பைச் சுற்றி மயிர் போல ஒரு கோடு ஓடியது. அச்சின் இரண்டு பாதிகளும் சேருமிடத்தில் விழும் கோடு அது; உருக்கி வார்த்த காசுக்குத்தான் வரும். அதையும் சொன்னார். ஆவணியில் வந்த காசில் கோடு இல்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஊசி குத்தியது போன்ற துளைகள் தெரிந்தன. செம்பை உருக்கி ஊற்றும்போது காற்று அகப்பட்ட இடங்கள் அவை என்றும், பழைய முறையில் அச்சு வைத்து அடித்த காசில் அப்படி இராது என்றும் சொன்னார்.

அன்று மார்க்கண்டு போனபின் மனைவி பராசக்தி தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க வந்தாள்.

"இஞ்சேருங்கோ, உந்த மனிசன் காசைப் பாக்கேல்லை. உங்கடை வாயைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார்."

"படிக்க ஆசைப்படுறார். அதிலை என்ன?"

"மூண்டு தரம் ஏமாந்த மனிசன் ஒருக்காலும் முகம் சுழிக்கேல்லை. எனக்கு அது பிடிக்கேல்லை."

அவர் சிரித்துவிட்டார். அடுத்த முறை மார்க்கண்டு, நல்ல காசு எப்படி இருக்கும் என்று ஆற அமரப் பார்த்துப் பழக அந்தக் கீறல் காசைப் பத்து நாளைக்குத் தரமுடியுமா என்று கேட்டார். தன் அறிவை இவ்வளவு மதிக்கிறாரே என்ற மகிழ்ச்சியில் தில்லைநாதன் கொடுத்தார். சொன்ன நாளில் காசு திரும்பி வந்தது.

1937 பங்குனியில் வந்த காசு மண்ணோடு இருந்தது. காளையின் கால்களில் களிமண் இறுகியிருந்தது. பழைய காசைக் கழுவக்கூடாது, கழுவினால் அதன் மதிப்புப் போய்விடும் என்று எல்லோருக்கும் சொல்லி வந்தவர் அவர்தான். அதனால் கழுவவில்லை. நிறையைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார், கல்லில் போட்டு ஓசை கேட்டார். ஒரு பிழையும் இல்லை. கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தார். மார்க்கண்டு இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.

ஆனியில் கொழும்பிலிருந்து, காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவர் எழுதியிருந்தார். தில்லைநாதனின் கடிதத்தை நம்பி அந்தக் காசை வாங்கினாராம். மண்ணை நீக்கியதும் மிக அழகாக இருக்கிறது என்று படமும் பிடித்து அனுப்பியிருந்தார்.

படத்தில் காளையின் முன்காலில் ஒரு கீறல் இருந்தது.

தில்லைநாதன் தன் காசை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதே இடம், அதே நீளம், அதே சரிவு. ஒரு கொழு இரண்டு காசுகளில் அப்படிக் கீற முடியாது. தன் காசைப் பதித்து அச்சு எடுத்து அடித்திருக்கிறார்கள் என்று விளங்கியது. அந்தக் கீறல் தெரியாமலிருக்கத்தான் களிமண்ணை விட்டிருக்கிறார்கள். அதன் பிறகுதான் அடுத்த எண்ணம் வந்தது. பத்து நாளில் திரும்பி வந்து இப்போது தன் கையில் இருப்பது எந்தக் காசு? பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். தெரியவில்லை.

அந்தக் கிழமையே மார்க்கண்டு ரிக்கற் யன்னலுக்கு வந்தார், பளைக்கு ஒரு ரிக்கற் எடுக்க.

"நீர் என்னை வைச்சு வேலை பழகியிருக்கிறீர்," என்றார் தில்லைநாதன் மெதுவாக.

"நான் என்ன செய்தனான் ஐயா? நீங்கள் சொன்னதைக் கேட்டனான். கடிதத்திலை இருக்கிறது உங்கடை கையெழுத்து."

"நான் கொழும்புக்கு உண்மையை எழுதப் போறன்."

மார்க்கண்டு ரிக்கற்றை வாங்கி மடித்தார். "வீட்டுக்கார அக்கா வெள்ளிக்கிழமையளிலை கீரிமலைக் கோயிலுக்குப் போறவ எல்லே. வண்டில் போற பாதை சரியில்லை. கவனமாப் போகச் சொல்லுங்கோ."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பராசக்தியிடம் சொன்னார். அவள் கடதாசியையும் பேனையையும் கொண்டுவந்து வைத்தாள்.

"எழுதுங்கோ," என்றாள். "நான் இந்த வெள்ளி கோயிலுக்குப் போகேல்லை."

அவர் எழுதினார். தான் ஏமாந்ததையும், பாடம் சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்பதையும் ஒளிக்கவில்லை. மூன்று மாதமாகப் பதில் இல்லை. அந்த மூன்று மாதமும் பராசக்தி தனியே வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. ஒருநாள் காலை வேலியில் காயப் போட்டிருந்த அவளுடைய சேலையைக் காணவில்லை. மறுநாள் அது அதே இடத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் அதைக் கையால் தொடாமல் தடியால் தூக்கிக் கிணற்றடியில் போட்டு எரித்தாள்.

ஐப்பசியில் பொலிஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். காங்கேசன்துறையில் ஒரு கொட்டிலில் ரூபாய் அடிக்கும் அச்சுகளோடு மார்க்கண்டுவைப் பிடித்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு கொப்பியைத் திறந்து வாசித்தார். களிம்பு, விளிம்புக் கோடு, ஊசித் துளை, எல்லாம் திகதியோடு அழகான எழுத்தில் இருந்தன. அடுத்த பக்கங்களில் அதே பாடங்கள் ரூபாய்க் காசுக்குப் பயன்பட்டிருந்தன.

"இந்தப் பாடமெல்லாம் ஆரின்ரை?"

"என்ரை," என்றார் தில்லைநாதன்.

வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கூட்டாளியாக இருப்பாரோ என்ற சந்தேகம் ஊரில் பரவியது. காசு கொண்டுவந்த கமக்காரர்களும் வரவில்லை. அவரைக் காப்பாற்றியது அவர் உண்மையை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதந்தான்; நொத்தாரிசு அதை வழக்கில் கொடுத்தார். மார்க்கண்டு பிடிபடும் முன்பே எழுதியது என்பதற்குத் தபால் முத்திரை சாட்சி.

யாழ்ப்பாண நீதிமன்றத்தில் மார்க்கண்டுவுக்காக வாதாடிய அப்புக்காத்து இரண்டு சேதுக் காசுகளை அவர் முன்னே வைத்தார். ஒன்று அவர் வீட்டிலிருந்தது, மற்றது நொத்தாரிசு வாங்கியது.

"பேர்போன நிபுணர் நீங்கள். இதிலை எது கள்ளக் காசு?"

தில்லைநாதன் இரண்டையும் எடுத்துப் பார்த்தார். ஏதாவது ஒன்றைத் துணிந்து சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. குற்றவாளிக் கூண்டில் நின்ற மார்க்கண்டு தலையைச் சற்றுச் சாய்த்து, வீட்டில் கேட்டது போலவே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியேல்லை," என்றார் தில்லைநாதன்.

சேதுக் காசு பற்றிய குற்றச்சாட்டு அதோடு விழுந்தது. ரூபாய் அடித்ததற்கு மார்க்கண்டுவுக்கு நான்கு வருடச் சிறை. தில்லைநாதனுக்கு வேலை திரும்பக் கிடைத்து, மதவாச்சிக்கு மாற்றம் வந்தது. சேர்த்த காசுகளை ஒருவருக்கும் விற்கவில்லை. எது நல்லது என்று சொல்ல முடியாதவன் எதை விற்பது என்றார்.

1941 கடைசியில் மார்க்கண்டு சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டதாக ஊரிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் மதவாச்சி விலாசத்துக்கு ஒரு சிறு பார்சல் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. தொட்டுப் பார்த்தால் உள்ளே வட்டமாக, கனமாக ஒன்று தட்டுப்பட்டது. பராசக்தி கதவோரம் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

தில்லைநாதன் கட்டை அவிழ்க்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நடந்தார். அங்கே பிரித்து உள்ளே இருந்த காசைக் கையில் எடுத்த சார்ஜன்ட், "நல்ல காசோ?" என்று கேட்டார். தில்லைநாதன் காசைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்று, பார்சல் வந்த திகதியையும் நேரத்தையும் மட்டும் சொல்லி எழுதுவித்தார். பத்தரை வண்டிக்கு ஆட்கள் ரிக்கற் எடுக்க நிற்பார்கள் என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.