ஜன்னலைப் பார்த்துக் கேட்கிறவர்

லிஃப்ட் கதவில் உள்ளங்கையை அப்பிக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இதுதான் முதல் வேலை. மேலே போக வந்தவர்கள் பின்னால் நின்று முணுமுணுப்பார்கள். அது அவர் காதில் விழாது. கையை எடுத்ததும், "மேல ஒரு சக்கரம் அழுவுது" என்பார். பிறகுதான் கருவிப் பெட்டியைத் திறப்பார்.

வீட்டில் பெண்டாட்டி பாடு பெரும்பாடு. அவருக்கு எல்லாச் சட்டையும் ஒரே சாம்பல் நிறம். காலரில் தைத்த துணிச்சீட்டைப் பிரித்து எறிந்தால்தான் உடம்பில் ஏறும். இவள் முடியை வெட்டிக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு?" என்று ஆசையாய்க் கேட்டால், "இடது பக்கம் கம்மியா வெட்டிட்டாங்க" என்பார். சண்டை வந்தால் சுவரைப் பார்த்து நிற்பார். "மூஞ்சியப் பாத்துப் பேசுங்களேன், நான் என்ன பேயா?" என்று இவள் கத்துவாள். ஆனால் மனுஷன் வாயில் இதுவரை ஒரு பொய் வந்ததில்லை. அதற்காகவே அவரை இவளுக்கு அத்தனை பிடிக்கும்.

மகள் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். ஒன்றாம் வகுப்பு. 'பிள்ளைக்கு ஏதோ கோளாறு போலிருக்கு, வேற ஸ்கூல் பாத்தா நல்லது' என்று டீச்சர் சொல்லி அனுப்பியதிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அங்க வந்து வாயத் திறக்காதீங்க, நான் பேசிக்கிறேன்" என்று வழிநெடுக ஓதித்தான் அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள்.

டீச்சர் சின்ன வயசு, நல்ல மாதிரி. குரலில் கவலைதான் இருந்தது.

"கதை சொன்னா எல்லாப் பிள்ளைங்களும் என்னையே பாக்குது. இவ மட்டும் ஜன்னலப் பாக்குறா. எதுவும் காதுல ஏறல சார். நீங்களே பாருங்க. பாப்பா, என்னப் பாரு. நேத்துக் கதையில அந்த ஆடு எங்க போச்சு?"

குழந்தை பார்த்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.

மேஜையைப் பார்த்தபடி மனுஷன் ஆரம்பித்துவிட்டார். போச்சுடா என்று இவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உங்க கண்ணும் பேசுது, வாயும் பேசுது டீச்சர். எனக்கு ரெண்டையும் ஒண்ணாக் கேக்க முடியாது. மூஞ்சியப் பாத்தா பேச்சு போயிடும். பேச்சு வேணும்னா மூஞ்சிய விட்டுடுவேன். கோளாறெல்லாம் இல்ல. நாங்க இப்படித்தான் கேப்போம்."

நாங்க! இவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்படியானால் இத்தனை வருஷமும் சுவரைப் பார்த்து நின்றபடி, இவள் பேசியதை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டா இருந்தார் மனுஷன்? அடேயப்பா! யாரோடு குடித்தனம் நடத்துகிறோம் என்றே தெரியாமல் இருந்துவிட்டாளே.

டீச்சர் எழுந்து, தன் நாற்காலியைக் குழந்தைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தானும் ஜன்னலைப் பார்க்க உட்கார்ந்தார்.

"ஆடு எங்க போச்சு?"

"ஆத்தத் தாண்டிப் போச்சு. பாலத்துல போவல, பயம். கல்லு மேல கால வச்சு வச்சுப் போச்சு. அங்க நீங்க தும்முனீங்க. அப்புறம் நரி வந்துச்சு..."

டீச்சரின் ஏற்ற இறக்கத்தோடேயே மடமடவென்று கொட்டினாள் குழந்தை. முழுக் கதையும் வந்தது.

டீச்சரின் தலை ஆச்சரியத்தில் குழந்தை பக்கம் திரும்பப் போனது. சட்டென்று நிறுத்திக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டார்:

"நாளைக்கு என்ன கதை சொல்லட்டும்?"